நீங்கள் கூட்டும் ஆண்டுகளைத் திருடன் எண்ணுவதில்லை: சட்டம் இயற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அவை உறுப்பினர்களே,

எந்த நாட்டு அவை, எந்தக் கட்சி என்று நான் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லும் காட்சியை எந்த அவையிலும் பார்க்கலாம். கொடிய குற்றம் ஒன்று நடக்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு வேறு பேச்சே இல்லை. நான்காம் நாள் அவையில் ஒருவர் எழுந்து, இப்போதுள்ள தண்டனை போதாது என்கிறார். ஏழு ஆண்டு பத்தாகிறது, பத்து ஆயுளாகிறது, ஆயுள் தூக்காகிறது. மற்ற நாட்களில் ஒருவர் பேச ஒருவர் விடாத அவையில் அன்று மட்டும் எல்லோரும் சேர்ந்து மேசையைத் தட்டுகிறீர்கள். மசோதா ஒரே மதியத்தில் நிறைவேறிவிடுகிறது.

நான் ஒரு விசாரணை நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்குக் கட்டுகளை எடுத்து வைப்பது, வாய்தா தேதி குறிப்பது, தீர்ப்பு நகல் தயாரிப்பது, இவ்வளவுதான் என் வேலை. சட்ட அறிஞன் அல்லன். ஆனால் நீங்கள் மேலே கூட்டும் ஆண்டுகள் கீழே வந்து இறங்கும் இடத்தில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததையும், ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். வாகனத் திருட்டு. பிடிபட்டபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. குற்றப்பத்திரிகை வந்து, ஜாமீன் கிடைத்து, சாட்சிகள் வராமல் போய், நீதிபதிகள் மூன்று முறை மாறி, தீர்ப்பு நாள் வந்தபோது அவன் முப்பதைத் தொட்டிருந்தான். மனைவி கைக்குழந்தையோடு வராந்தாவில் நின்றாள். பெயரை அழைத்ததும் கூண்டில் ஏறியவன், என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில், "ஐயா, இது எந்த வழக்கு?" என்று கேட்டான். அதில் திமிர் எதுவும் இல்லை. அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை. அன்று அவனுக்கு இரண்டு ஆண்டுத் தண்டனை கிடைத்தது. நீங்கள் அதை நான்காக்கியிருந்தால், எட்டாக்கியிருந்தால், பத்தொன்பது வயதில் அந்தப் பூட்டை உடைக்கும்போது அவன் கை நடுங்கியிருக்குமா என்று அன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தண்டனை குற்றத்தைத் தடுக்காது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தண்டனை தடுக்கும், ஆனால் நீங்கள் எந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறீர்களோ அதனால் தடுப்பது மிகக் குறைவு. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி நமக்கு நன்றாக மனதில் பதிந்துவிட்டது. எவ்வளவு ஓங்கி அடிக்க வேண்டும் என்பதைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. மேய்ந்த மறுகணம் விழுந்த அடிக்கும், அடுத்த ஆண்டு அறுவடை முடிந்த பிறகு விழும் அடிக்கும் உள்ள வேறுபாடு மாட்டுக்குத் தெரியும்.

இன்னொரு பழமொழி: 'பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான்.' இதை நாம் நல்லவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லி வருகிறோம். திருடன் காதால் இதைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்குக் கேட்பது முதல் சொல் மட்டும்தான்: பலநாள். அகப்படும் அந்த ஒருநாள் இன்று இல்லை என்று தினமும் அவன் பந்தயம் கட்டுகிறான். தினமும் ஜெயிக்கவும் செய்கிறான். என் எதிரே கூண்டில் நின்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் குற்றத்துக்குச் சட்டத்தில் எத்தனை ஆண்டு என்று குற்றம் செய்யும்போது அறிந்திருக்கவில்லை. வழக்கறிஞர் சொன்ன பிறகே தெரிந்துகொண்டார்கள். மாட்ட மாட்டோம் என்பது மட்டும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலியில் மிலான் நகரைச் சேர்ந்த செசாரே பெக்காரியா 1764ல் வெளியிட்ட சிறு நூலில் இதைச் சொல்லிவிட்டார். தப்பிக்க வழியுள்ள பயங்கரத் தண்டனையைவிட, தப்பிக்க வழியில்லாத மிதமான தண்டனை மனதில் ஆழமாகப் பதியும் என்பது அவர் வாதம். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையிலான காலம் குறையக் குறைய, ஒன்றை நினைத்தால் மற்றது நினைவுக்கு வரும் என்றும் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இருநூற்று அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நாம் இன்னும் பயங்கரத்தைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

தண்டனை கடுமையாக இருந்து, பிடிப்பவர் யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது என்றுதான் நினைப்போம். வரலாறு ஒருமுறை சோதித்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர்கள், 1944 செப்டம்பர் 19 அன்று டென்மார்க் போலீஸ் படையையே கைது செய்தார்கள். ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆயுதமில்லாத ஒரு காவல் அணி அவசரமாக அமைக்கப்பட்டது. கையும் களவுமாக அகப்பட்டவனைப் பிடிப்பதைத் தவிர அதனால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கோபன்ஹேகன் நகரில் 1939ல் ஆண்டு முழுவதும் நடந்த வழிப்பறி பத்து. போர்க்கால நெருக்கடியில் 1943ல் அது மாதத்துக்குப் பத்து அளவுக்கு வந்திருந்தது. போலீஸ் போன பிறகு மாதத்துக்கு நூறைத் தாண்டியது. அதே காலத்தில், பிடிபட்டவர்களுக்கான தண்டனை முன்பைவிட மிகவும் கடுமையாக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. கையாடலும் மோசடியும் அந்த மாதங்களில் குறிப்பிடும்படி கூடவில்லை. காரணம் எளிது. கல்லாவில் பணம் குறைந்தால் எடுத்தது யார் என்று முதலாளிக்குத் தெரியும். அதற்குப் போலீஸ் தேவையில்லை. ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே பஞ்சம். அகப்படும் வாய்ப்பு மறைந்த குற்றம் பத்து மடங்கானது. அகப்படும் வாய்ப்பு மாறாத குற்றம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நகரத்து மனிதர்கள் திடீரென்று ஒழுக்கம் கெட்டுவிட்டார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்ச்சி. மேற்கு ஜெர்மனியில் 1976 முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் ஹெல்மெட் அணிவது கட்டாயம். ஆனால் அணியாதவர்களுக்கு அபராதம் கிடையாது. 1980ல்தான் அந்த இடத்திலேயே வசூலிக்கும் சிறு அபராதம் வந்தது. அடுத்து நடந்ததை அந்தச் சட்டம் எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 1980ல் ஒன்றரை லட்சம் அளவில் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. திருட்டுக்கான தண்டனையை யாரும் தொடவில்லை. திருட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை. வழியில் நிற்கும் வண்டியைப் பார்த்து, மனம் சபலப்பட்டு, ஏறி ஓட்டிக்கொண்டு போகிறவன் கையோடு ஹெல்மெட் கொண்டு வருவதில்லை. வெறும் தலையோடு போனால் அடுத்த தெருமுனையிலேயே நிறுத்தப்படுவான். சில ஆண்டுச் சிறைத்தண்டனை எழுதப்பட்ட சட்டப்பிரிவு செய்யாததை, தெருமுனையில் கை காட்டி நிறுத்தும் ஒரு போலீஸ்காரர் செய்துவிட்டார்.

மோட்டார் சைக்கிள் கிடைக்காதவர்கள் காரைத் திருடியிருப்பார்களே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த அளவுக்குக் கார் திருட்டு ஏறவில்லை. குற்றம் என்பது எப்படியாவது வெளியே வந்தே தீரும் வெள்ளம் என்று நினைப்பது நம் பழக்கம். பல குற்றங்கள் வெறும் சோம்பல். வழியில் ஒரு சின்ன மேடு இருந்தாலே திரும்பிப் போய்விடும்.

இங்கே நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும். பிடிப்பதையும் கூட்டுவோம், தண்டனையையும் கூட்டுவோம், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே? தாளில் போட்டுப் பார்த்தால் சரிதான். கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1968ல் இந்தக் கணக்கை முறையாகப் போட்டார்: அகப்படும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் பெருக்கினால் வருவது குற்றத்தின் விலை. பிடிப்பதற்குச் செலவாகும், சட்டப் புத்தகத்தில் எண்ணை மாற்றச் செலவில்லை. எனவே எண்ணைக் கூட்டுவதே மலிவு. அவரை நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கு ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

கணக்கில் வராதது ஒன்று உண்டு. அந்த இரண்டு எண்களும் தனித்தனி எண்கள் இல்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றது தானே குறைகிறது. இதைச் சொல்லத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியில் இங்கிலாந்தின் சட்டங்களில் ஏறத்தாழ 200 குற்றங்களுக்குத் தூக்கு எழுதப்பட்டிருந்தது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் (அந்நாட்டு அக்கால நாணயம்) மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரிகளாக வந்தவர்கள் சாதாரணக் குடும்பத்தினர். எதிரில் நிற்பது ஒரு வேலைக்காரப் பெண். திருடுபோனது துணியும் வெள்ளிக் கரண்டியும். திருடியது உண்மை, சாட்சியும் பலம். ஆனால் கழுத்தில் கயிறு போட மனம் வரவில்லை. என்ன செய்தார்கள்? பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பெழுதினார்கள். எத்தனையோ வழக்குகளில் அதே 39. எல்லாத் திருடர்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரு ஷில்லிங் குறைத்துத் திருடுவதாக அந்தப் பதிவேடுகளைப் படிக்கும் யாரும் நினைத்துக்கொள்ளலாம். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யை அக்காலத்தவரே புண்ணியப் பொய் என்று மதித்தார்கள்.

அங்கே பிக்பாக்கெட் அடிப்பதற்கும் தூக்குத்தான். தூக்கு வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் பிக்பாக்கெட்காரர்கள் சுறுசுறுப்பாகத் தொழில் செய்தார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி, அதை விட்டுவிடுகிறேன். அதைவிடச் சுவையானது 1808ல் நடந்தது. சாமுவேல் ரோமிலி என்ற உறுப்பினர் (உங்களைப் போல ஓர் அவை உறுப்பினர்தான்) போராடி, பிக்பாக்கெட்டுக்கு மரண தண்டனையை நீக்கவைத்தார். உடனே அந்தக் குற்றத்துக்கான வழக்குகள் கூடின. பார்த்தீர்களா, பயம் போயிற்று, திருட்டு பெருகிவிட்டது என்றார்கள் எதிர்த்தரப்பினர். ரோமிலி சொன்ன விளக்கம் வேறு: பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இதுவரை புகார் கொடுக்கவே கூசினார்கள், ஒரு பர்ஸுக்காக ஒருவன் சாக வேண்டுமா என்று வாய்மூடி இருந்தார்கள், இப்போது துணிந்து வழக்குத் தொடுக்கிறார்கள்.

அவர் சொன்னது சரிதான் என்பதற்கு வங்கிக்காரர்கள் சாட்சி. கள்ளப் பத்திரம், கள்ளக் கையெழுத்து ஆகியவற்றுக்கும் தூக்கு. இந்தக் குற்றத்தால் பணத்தை இழப்பவர்கள் வங்கி முதலாளிகள். இரக்கத்துக்குப் பேர்போன கூட்டம் அல்ல. 1830ல் பல நகரங்களின் வங்கி முதலாளிகள் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். என்ன கேட்டு? மரண தண்டனையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு. தூக்கு இருக்கும்வரை புகார் தருபவர் பின்வாங்குகிறார், சாட்சி தடுமாறுகிறார், ஜூரி விடுதலை செய்துவிடுகிறது. எங்கள் சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே அவர்கள் முறையீடு. தன் பெட்டியில் கைவைத்தவனுக்குத் தண்டனையைக் குறைக்கும்படி பறிகொடுத்தவனே கெஞ்சிய மனு அது. அந்த 1830களிலேயே அக்குற்றத்துக்குத் தூக்கு நீங்கியது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு என் நீதிமன்றம்தான் கண்ணில் தெரிந்தது. எங்களிடம் ஷில்லிங் இல்லை, முன்பு சொன்னதைக் கூண்டில் ஏறி மாற்றிச் சொல்லும் பிறழ்சாட்சி இருந்தது. தண்டனை பெரிதாகும்போது சாட்சிக்கூண்டில் நிற்பவரின் குரல் சிறிதாவதை நான் கேட்டிருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் சொல்லவே வேண்டாம். குடும்பத்துக்குள் நடந்த கொடுமையைப் புகாராக எழுதிக்கொடுத்த பெண், அதற்கு என்ன தண்டனை என்று தெரிந்ததும் அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை. அவள் மிரட்டப்பட்டிருக்கலாம். அல்லது அவ்வளவு பெரிய பாவத்தைத் தன் தலையில் சுமக்க விரும்பாமல் இருந்திருக்கலாம். வழக்குக் கட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் எழுதப்படும். நீதிபதிகளும் மனிதர்களே. குறைந்தபட்சத் தண்டனையே இவ்வளவு என்று நீங்கள் கையைக் கட்டிவிட்டால், சந்தேகத்தின் பலன் என்ற கதவு முன்பைவிட அகலமாகத் திறக்கிறது. நீங்கள் பத்தாண்டை இருபதாக்கிய அன்று, நூற்றில் இத்தனை பேர் தண்டனை பெறுவார்கள் என்ற எண்ணிக்கையையும் குறைத்துவிட்டீர்கள். அது எந்த அரசிதழிலும் அச்சாவதில்லை.

இன்னொரு கேடும் உண்டு. 'தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன' என்பார்கள். சிறிய குற்றத்துக்கும் பெரிய குற்றத்துக்கும் ஒரே உச்சத் தண்டனை என்று ஆக்கிவிட்டால், கீழே நிற்பவனை மேலே ஏறவிடாமல் தடுக்கும் படிகள் அழிந்துவிடுகின்றன. பாதிக்கப்பட்டவரை உயிரோடு விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், உயிரோடு இருப்பவர் சாட்சி, இறந்தவர் சாட்சி இல்லை என்ற கணக்கு மட்டும் மிஞ்சுகிறது. கோபத்தில் நீங்கள் எழுதும் ஒரு திருத்தம், ஒரு குழந்தையின் உயிருக்கு இருந்த கடைசிக் காப்பை எடுத்துவிடக்கூடும். இந்த ஓர் இடத்தில் மட்டும் என் நிதானம் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரண தண்டனையைப் பற்றித் தனியாக நீட்டி எழுத விரும்பவில்லை. அது சரியா தவறா என்ற அற விவாதம் வேறு. தடுக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு வரி. அமெரிக்காவில் ஐசக் எர்லிக் என்ற பொருளாதார அறிஞர் 1975ல், நிறைவேற்றப்படும் ஒரு மரண தண்டனை ஏறத்தாழ எட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று கணக்குக் காட்டினார். பெரும் பரபரப்பு உண்டாயிற்று. அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த ஆய்வுகளை எல்லாம் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு ஆராய்ந்து, 2012ல், இவற்றில் எதுவும் கொள்கை வகுக்கப் பயன்படுத்தத் தக்கதல்ல, கூடுகிறது என்றோ குறைகிறது என்றோ இவற்றை வைத்துச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டது. கனடா 1976ல் கொலைக்கு மரண தண்டனையை நீக்கியது. கொலைகள் பெருகும் என்று எச்சரித்தார்கள். பெருகவில்லை, காலப்போக்கில் விகிதம் இறங்கியது. நீக்கியதால் இறங்கியது என்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் இதே தவறுதான்.

என் பக்கத்துக்குச் சாதகமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. எனக்கு எதிரான சாட்சியையும் நானே கூண்டில் ஏற்றுகிறேன். இத்தாலியில் 2006ல் சிறைகள் நிரம்பி வழிந்ததால், மூன்றாண்டு அல்லது அதற்குக் குறைவான தண்டனை பாக்கி இருந்தவர்களை ஒட்டுமொத்தமாக விடுவித்தார்கள். ஒரு நிபந்தனை: ஐந்தாண்டுக்குள் மீண்டும் ஒரு பெரிய குற்றம் செய்தால், புதிய தண்டனையோடு பழைய பாக்கியும் சேர்ந்துகொள்ளும். ஒரே குற்றம் செய்தவர்களில் ஒருவருக்குப் பாக்கி ஒரு மாதம், இன்னொருவருக்கு முப்பது மாதம். பின்னாளில் ஆராய்ந்தபோது, பாக்கி அதிகம் இருந்தவர்கள் மீண்டும் குற்றத்தில் இறங்குவது குறைந்திருந்தது தெரிந்தது. ஆக, தண்டனையின் நீளத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே அந்த நீளம் எப்படிச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். ஒவ்வொருவனுக்கும் தன் எண் தெரியும். அது அவன் பெயரில், அவன் கையில் கொடுத்தனுப்பிய எண். எங்கோ ஒரு சட்டத் தொகுப்பில், அவன் பார்க்கவே போகாத பக்கத்தில் அச்சான எண் இல்லை.

தண்டனை சிறியதாக, உடனடியாக, தப்பாமல் விழுந்தால் போதும் என்று ஒரு மந்திரமும் இப்போது உலவுகிறது. அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மாநிலமான ஹவாயில் 2004ல், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர்கள் விதியை மீறினால் உடனே சில நாள் சிறை என்ற ஏற்பாடு தொடங்கியது. முதல் மதிப்பீடு வியக்கும்படி இருந்தது. பிறகு அமெரிக்காவில் நான்கு இடங்களில் அதையே செய்து பார்த்து 2016ல் முடிவு வெளியிட்டார்கள். அந்த அளவு பலன் அங்கே காணவில்லை. இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த சோதனை இன்னும் வேடிக்கை. பிள்ளைகளை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் கூடிவிட்டது. அதுவரை ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூசியவர்கள், இப்போது காசு கொடுத்தாயிற்றே என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. வெட்கம் காவல் காத்த இடத்தில் விலைப்பட்டியலை ஒட்டினால் வெட்கம் எழுந்து போய்விடுகிறது.

இருந்தாலும், அகப்படுவோம் என்ற நினைப்பின் பலத்தை மறுக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிரிட்டனில் 1967 அக்டோபரில், மது அருந்தி வண்டி ஓட்டுபவர்களை ஊதவைத்துப் பரிசோதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் அதே பேச்சு. வார இறுதி இரவுகளில் சாலை விபத்துகளில் அடிபடுவோர் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. சில ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டது. தண்டனை குறைக்கப்படவில்லை. பரிசோதனைகள் தாங்கள் பயந்த அளவுக்கு நடக்கவில்லை என்பதை மக்கள் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் இதைத் தொடங்கியபோது வேறு மாதிரி செய்தது. சந்தேகம் இருந்தால்தான் நிறுத்துவோம் என்று இல்லாமல், வருகிற வண்டிகளைக் கைபோன போக்கில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி, விடாமல், ஆண்டுக்கணக்காக. அங்கே குறைந்த சாவுகள் பழையபடி ஏறவில்லை. ஒரே குற்றம், ஒரே கருவி. ஓரிடத்தில் பயம் செய்தியாக வந்தது, செய்தியைப் போலவே பழையதாகிப் போனது. இன்னோரிடத்தில் பயம் சனிக்கிழமை இரவுதோறும் சாலையில் விளக்கோடு நின்றது.

அப்படியானால் உங்களிடம் என்ன கேட்கிறேன்? பெரிதாக ஒன்றுமில்லை. கோபப்பட வேண்டாம் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கண்ணீரைப் பார்த்தபின் கோபம் வராதவர் அவையில் இருக்கவே கூடாது. தண்டனைக்குத் தடுப்பதைத் தவிர வேறு வேலைகளும் உண்டு என்பதும் தெரியும். செய்தது தவறு என்று ஊரறியச் சொல்வது, ஆபத்தானவனைச் சில காலம் விலக்கி வைப்பது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது. அந்தக் காரணங்களுக்காகத் தண்டனையைக் கூட்டுகிறீர்கள் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். குற்றம் குறையும் என்று சொல்லிக் கூட்டாதீர்கள்.

குற்றம் குறைவதுதான் நோக்கம் என்றால், அடுத்த மசோதாவோடு ஒரு தாளை இணைக்கச் சொல்லி அரசைக் கேளுங்கள். இந்தக் குற்றத்துக்குக் கடந்த ஐந்தாண்டுகளில் வந்த புகார் எத்தனை, அவற்றில் ஆள் பிடிபட்டது எத்தனை, குற்றப்பத்திரிகை எத்தனை, தீர்ப்பு வந்தது எத்தனை, தண்டனையில் முடிந்தது எத்தனை. புகார் நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் நடுவில் கழிந்தது எத்தனை மாதம். தடய அறிவியல் கூடத்தில் காத்துக்கிடக்கும் மாதிரிகள் எத்தனை. மூன்று முறை வந்தும் விசாரிக்கப்படாமல், அன்றைய கூலியை இழந்து திரும்பிப்போன சாட்சிகள் எத்தனை. இந்தக் கடைசி எண்ணை எந்த அரசும் எண்ணி வைத்திருக்காது. ஆனால் என் போன்ற எழுத்தர்கள் வாய்தாப் புத்தகத்தைப் பார்த்து ஒரு வாரத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளைப் படித்த பிறகும் ஏழு ஆண்டைப் பத்தாக்கத் தோன்றினால் ஆக்கிக்கொள்ளுங்கள். தோன்றாது என்றுதான் நினைக்கிறேன். புலனாய்வு அதிகாரிகளின் காலியிடங்களை நிரப்பவும், சாட்சிக்குப் பயணப்படியும் பாதுகாப்பும் கொடுக்கவும், நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டவும் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பீர்கள். அதற்கு மேசை தட்ட மாட்டார்கள், தலைப்புச் செய்தி வராது. அந்தத் தொகையைப் பார்த்து நிதித்துறை முகம் சுளிக்கும். தண்டனையைக் கூட்டுவது ஏன் இத்தனை அவைகளுக்குப் பிடித்திருக்கிறது என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.

அந்த இளைஞன் என்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொன்னதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வழக்கு எண்ணைச் சொன்னேன். விழித்தான். ஆண்டைச் சொன்னேன். அப்போதும் தெரியவில்லை. கட்டைப் புரட்டி, சிவப்பு நிற வண்டி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நின்றது என்று படித்துக் காட்டிய பிறகே, "ஓ, அதுவா" என்றான். வண்டிக்குச் சொந்தக்காரர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறப்புச் சான்றிதழும் அதே கட்டில்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவன்